ஒட்டுப் பலகை கேவலமா?

புது வீடு கட்டி முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை ஒன்று செய்ய வேண்டும். தச்சர் வந்திருக்கிறார். நீளம் 6 அடி, அகலம் 3 அடி என்று பேச்சு முடிகிறது. மரம் தேக்குதான் என்றும் முடிவாகிறது.

அப்போது வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்கிறார்:

"ஆசாரியாரே! ஒட்டுப் போட்ட பலகை மட்டும் வேண்டாம். ஒரே பலகையாகப் போட்டுவிடுங்கள்!"

தச்சர் திகைக்கிறார்.

"3 அடி அகலத்துக்கு ஒரே பலகைக்கு எங்கே போவது ஐயா? ஐந்தாறு பலகையைச் சேர்த்துத்தான் ஒட்ட வேண்டும்" என்கிறார்.

வீட்டுக்காரரின் முகம் மாறுகிறது.

"இவ்வளவு பணம் கொடுத்தும் ஒட்டு வேலைதானா?" என்று உள்ளே இருந்து அம்மாளின் குரல் வருகிறது.

மர வேலை நடக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்பவர்கள் மீது குற்றம் இல்லை. வருஷக்கணக்கில் சேர்த்த பணம். ஒரு தடவைதான் செய்ய முடியும். ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம்! ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வேறு இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

மாங்கன்று மட்டும் உசத்தியா?

ஒட்டு என்ற சொல்லே பலருக்குப் பிடிப்பதில்லை. கிழிந்த சட்டைக்குப் போடுவது ஒட்டு. ஓட்டைப் பாத்திரத்துக்கு வைப்பது ஒட்டு. ஆகவே மேஜையில் ஒட்டு இருந்தால், ஏதோ கிழிசலை மறைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

அதே வீட்டுக்காரர் மாங்கன்று வாங்கப் போனால் என்ன கேட்கிறார்? "ஒட்டுக் கன்று இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார். அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறார்! தோட்டத்தில் பெருமையாக இருக்கும் ஒட்டு, கூடத்துக்கு வந்ததும் மானக்கேடாகிவிடுகிறது.

மேஜையின் மேல்பலகை, கட்டிலின் தலைப்பலகை, பீரோவின் பக்கப்பலகை இவையெல்லாம் அகலமானவை. பல பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டித்தான் இவற்றைச் செய்கிறார்கள். ஒழுங்காக ஒட்டினால் ஒட்டிய இடம் மரத்தைவிடப் பலமாக இருக்கும். ஒரே பலகைதான் வேண்டும் என்ற பிடிவாதத்தால் வீட்டுக்காரருக்கே நஷ்டம் வரும்.

கதவு சொல்லும் சேதி

வீட்டு வாசல் கதவைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு நிலையில் போய் இறுகிக்கொள்கிறது. தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும். சித்திரை, வைகாசி வந்தால் அதே கதவு தானாக ஆடுகிறது. தாழ்ப்பாள்கூட எட்டாமல் போகிறது.

கதவு வளர்ந்ததா? தேய்ந்ததா? இரண்டும் இல்லை. மழைக் காலத்தில் காற்றில் உள்ள ஈரத்தை மரம் குடிக்கிறது, உப்புகிறது. வெயில் காலத்தில் அந்த ஈரத்தை விட்டுவிடுகிறது, சுருங்குகிறது. வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மரத்துக்கு இந்தக் குணம் போகாது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் அசைகிறது. 3 அடி அகலமுள்ள தேக்கு மேஜைப் பலகை, கொட்டும் மழைக்கும் கொளுத்தும் வெயிலுக்கும் இடையே 2 நூல், அதாவது கால் அங்குலம் வரைகூட அசையலாம். குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடுவதால், அங்கே மழைக் காலத்திலும் மரம் சுருங்கும்.

அகலவாக்கிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் குறைவாகச் சுருங்கும். வளையங்கள் சுற்றிப் போகும் திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அகலமான ஒரே பலகை, நாட்டு ஓடு போல வளைந்து போவதற்கு இதுவே காரணம். அந்தப் பலகையை நெடுக அறுத்து, 4 அங்குலம், 5 அங்குலப் பட்டைகளாக்கிச் சேர்த்து ஒட்டினால், ஒவ்வொரு பட்டையும் கொஞ்சம்தான் வளையும். மொத்தப் பலகை பார்வைக்குத் தட்டையாகவே இருக்கும்.

(வளையங்கள் ஒரு பட்டையில் மேல்நோக்கியும் அடுத்ததில் கீழ்நோக்கியும் மாறி மாறி வரவேண்டும் என்று சில தச்சர்கள் சொல்வார்கள். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால்தான் அழகான ரேகை மேலே வரும் என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சண்டை அவர்களுக்குள் தீரவில்லை. மரம் நன்றாக உலர்ந்திருந்தால் இரண்டும் நிற்கும்.)

பெரிய மரம் எங்கே?

ஒரே பலகைக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவ்வளவு அகலமான தேக்கு மரம் எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்துக் காட்டுத் தேக்கு பெருத்த மரம். கப்பல் கட்டவும், கட்டடம் கட்டவும் வெட்டித் தீர்த்தார்கள். காடு காலியாவதைப் பார்த்து, 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். அப்போது மலபார், சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கன்று வளர்த்து நட்ட பொறுப்பு சாத்து மேனோனுடையது. அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியை இன்றும் நிலம்பூரில் பார்க்கலாம். ஆனால் அது பார்ப்பதற்கு, அறுப்பதற்கு அல்ல!

பர்மா தேக்கு என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாடு 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு இங்கே இறக்குமதியாகிறது. பெரும்பாலும் இளமரம். பருமன் குறைவு. நடுவே வைரம், சுற்றிலும் வெள்ளை.

இந்த இளமரத்தில் அகலமான பலகை வேண்டும் என்றால் என்ன ஆகும்? இரண்டு ஓரத்திலும் வெள்ளைப் பகுதியைச் சேர்த்தே அறுக்க வேண்டும். தேக்கை வண்டும் கரையானும் தொடாது என்ற பெயர் வைரத்துக்குத்தான். வெள்ளைப் பகுதியை அவை விடுவதில்லை. சாயம் ஏற்றி, பாலிஷ் போட்டுவிட்டால் வெள்ளை எது, வைரம் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் மேஜைக்கு அடியில் மாவு கொட்டிக் கிடக்கும்!

வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட்டு, வைரப் பட்டைகளை மட்டும் சேர்த்து ஒட்டும் தச்சர்தான் நல்லது செய்கிறார். அவரைப் பார்த்து "ஒட்டு வேலைக்காரர்" என்று சொல்வது அநியாயம்.

வஜ்ஜிரம் காய்ச்சிய காலம்

பலகையைப் பசை போட்டு ஒட்டுவது நேற்று வந்த வித்தை இல்லை. எகிப்து நாட்டில் தீப்ஸ் நகரத்துக்கு அருகே ரெக்மிரே என்ற மந்திரியின் கல்லறை இருக்கிறது. அது ஏறக்குறைய 3,400 ஆண்டுக்கு முந்தியது. அதன் சுவரில் தச்சர்கள் வேலை செய்யும் படம் தீட்டப்பட்டிருக்கிறது. அடுப்பில் பசைப் பானை இருக்கிறது!

நம் ஊர்த் தச்சர்களிடம் இருந்தது வஜ்ஜிரம். தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்த பசை. கட்டியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடு பண்ணுவார்கள். கொதிக்க விட்டால் பலம் போய்விடும். 60 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும். சூடு ஆறுவதற்குள் பலகை சேர்ந்துவிட வேண்டும். நாற்றம் தெருக்கோடி வரை போகும்.

1912-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே என்ற ரசாயன விஞ்ஞானி, இன்றைய வெள்ளைப் பசைக்கு மூலமான பொருளைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1959-ல் பல்வந்த் பாரேக், ஃபெவிகால் என்ற பெயரில் வெள்ளைப் பசையைக் கொண்டுவந்தார். அடுப்பும் வேண்டாம், அவசரமும் வேண்டாம் என்றதும் தச்சர்கள் இதற்கு மாறினார்கள். வஜ்ஜிரப் பானை மூலைக்குப் போய்விட்டது.

பசை சுலபமானதும் ஒரு கெடுதல் வந்தது. எல்லாவற்றையும் பசை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்துவிட்டது. இடைவெளி இருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் போகிறது! இது தவறு. வெள்ளைப் பசை பள்ளத்தை நிரப்பும் சாந்து அல்ல. இரண்டு மர ஓரங்கள் நெருக்கமாக ஒட்டி நின்றால்தான் அது பிடிக்கும். கனமாகத் தங்கிய பசைக்குப் பலம் இல்லை.

பலம் இழைப்புளியில் இருக்கிறது

ஆகவே ஒட்டின் பலம் பசை டப்பாவில் இல்லை. இழைப்புளி பிடிக்கும் கையில் இருக்கிறது.

நல்ல தச்சர் எப்படிச் செய்கிறார்? ஒட்ட வேண்டிய இரண்டு பலகைகளையும் புத்தகத்தை மூடுவதுபோல் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறார். இரண்டு ஓரமும் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஒரே இழைப்பில் இரண்டையும் இழைக்கிறார். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. பலகைகளைப் புத்தகம் போல் விரித்தால், ஒன்றின் சாய்வு மற்றொன்றின் சாய்வைச் சரிக்கட்டிவிடும். பலகை தட்டையாகவே சேரும். படிப்பறிவே இல்லாத பழைய தச்சர்களும் கையாண்ட கணக்கு இது!

பிறகு ஒரு பலகையின் மேல் இன்னொன்றை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார். ஒளி கசிந்தால் மறுபடியும் இழைப்பு. ஒரு காகிதம்கூட நுழையக் கூடாது.

கைதேர்ந்தவர் இன்னும் ஒரு காரியம் செய்வார். நீளப் பலகையின் நடுவில் மட்டும் காகித கனத்துக்கு லேசாகப் பள்ளம் விடுவார். கிளாம்பு போட்டு நடுவில் முறுக்கினால் அந்தப் பள்ளம் மூடிக்கொள்ளும்; இரண்டு முனைகளும் நன்றாக அழுந்தி நிற்கும். பலகையின் முனைதான் சீக்கிரம் உலரும், சீக்கிரம் பிளக்கும். அதற்கு முன்ஜாக்கிரதை இது.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த ஓரத்தை நாள்கணக்கில் போட்டுவைத்தால் அது மேலே வந்து பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த கையோடு ஒட்ட வேண்டும்.

இப்படி ஒட்டிய ஒரு துண்டை மறுநாள் எடுத்து உடைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒட்டிய இடம் விடாது. பக்கத்து மரம் பிய்ந்து வரும்! சந்தேகப்படும் வீட்டுக்காரர், மிச்சத் துண்டுகள் இரண்டை ஒட்டச் சொல்லி உடைத்துப் பார்க்கலாம். காசு செலவில்லை.

மூங்கில் ஆணி, காடி எல்லாம் போட்டால்தான் பலம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டும்போது பலகை மேலும் கீழும் நழுவாமல் இருக்க அவை உதவும். ஓரம் சரியாக இருந்தால் பலத்துக்கு அவை தேவையில்லை. ஓரம் சரியில்லாவிட்டால் அவை இருந்தும் பயனில்லை.

ஒரு நாள் கூலிக்காக

இனிதான் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது.

வெள்ளைப் பசை முழுப் பலம் பெற ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதோடு, பசையில் இருக்கும் தண்ணீரை ஒட்டின் இரு பக்கமும் உள்ள மரம் குடித்து, கொஞ்சம் உப்பி நிற்கும். அந்த ஈரம் போவதற்குள் இழைத்துத் தேய்த்தால் என்ன ஆகும்? உப்பிய இடம் சீவப்படும். பிறகு உலர்ந்ததும் அந்த இடம் தாழ்ந்து போகும். பாலிஷ் போட்ட மேஜையில் கோடு கோடாகப் பள்ளம் தெரிகிறதே, அது இதனால்தான்.

தச்சருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வேலை காண்டிராக்ட்டில் பேசியது. "வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வியாழக்கிழமைக்குள் வேண்டும்" என்று நெருக்குகிறார்கள். சும்மா உட்கார்ந்து பசை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், "ஒரு நாள் கூலி வீண்" என்று முணுமுணுக்கிறார்கள். அவர் என்ன செய்வார்? மாலையில் ஒட்டியதை மறுநாள் காலையிலேயே இழைக்கிறார். ஓரம் சேராத இடத்தில் ஆணி அடிக்கிறார். மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசுகிறார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது!

பலகையின் ஈரமும் இதே கதைதான். மரவாடியில் அறுத்த பச்சைப் பலகையை, இடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இன்று சூடேற்றிய அறையில் வைத்துச் சில வாரங்களில் உலர்த்திவிடுகிறார்கள். அப்படி உலர்த்திய பலகைக்கு விலை கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் பார்க்கிறார்கள்.

வெடித்தது ஏன்?

இத்தனையும் ஒழுங்காக நடந்த பிறகும் சில மேஜைகள் வெடிக்கின்றன. அடுத்த கோடையில் ஒருநாள் "படார்" என்று சத்தம். மேல்பலகையில் நீளக் கோடு. "அப்போதே சொன்னேன், ஒட்டுப் பலகை வேண்டாம் என்று!" என்கிறார் வீட்டுக்காரர். பாக்கிக் கூலி நின்றுபோகிறது. இரண்டு தலைமுறையாக அந்த வீட்டுக்கு வேலை செய்த தச்சர் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

வெடிப்பைக் குனிந்து பார்த்தால் உண்மை தெரியும். பெரும்பாலும் வெடித்த இடம் ஒட்டாக இருக்காது. நல்ல மரமே பிளந்திருக்கும்.

காரணம் என்ன? மேல்பலகையைக் கால் சட்டத்தோடு நான்கு பக்கமும் ஆணியும் பசையுமாக இறுக்கிவிட்டார்கள். கோடையில் பலகை சுருங்கப் பார்க்கிறது. சட்டம் விடவில்லை. இழுபறியில் பலகை பிளக்கிறது. அந்த மேஜை ஒரே பலகையில் செய்யப்பட்டிருந்தாலும் இதே கதிதான்.

மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டவே கூடாது. சட்டத்தில் ஆணித் துளையை நீள்வட்டமாகப் போட்டு, அடியிலிருந்து திருகாணி முடுக்க வேண்டும். அல்லது சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் நகரும்படி சின்ன மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். மேஜை ஆடாது, பலகை மட்டும் வேண்டிய அளவுக்கு நகர்ந்துகொள்ளும். இதற்கு அரை நாள் வேலை கூடுதல். அவ்வளவுதான்.

"இந்தத் தொல்லையே வேண்டாம், பிளைவுட் போட்டுவிடலாம்" என்று சிலர் போகிறார்கள். போகட்டும், அது மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் அசையாது. ஆனால் பிளைவுட் என்பது என்ன? மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்தியது. உள்ளே முழுக்க ஒட்டு! ஒட்டு வேண்டாம் என்றவர்கள் அதைச் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள்.

மேஜை செய்யச் சொல்கிறவர், ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பட்டறைக்குப் போக வேண்டும். பசை போடாமல் பலகைகளைச் சேர்த்துவைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கலாம். வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கலாம். வெள்ளை மரம் இருந்தால் அப்போதே சொல்லலாம். பசை போட்ட பிறகு கிளாம்பு இறுகும்போது ஒட்டு நெடுகிலும் சின்னச் சின்ன முத்தாகப் பசை பிதுங்க வேண்டும். அதை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. வெளுத்த திட்டாகத் தெரியும். கூலி பேசும்போதே, பசை காயும் நாளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவது நியாயம். தச்சர் சும்மா இருக்கும் அந்த நாளும் மேஜைக்காகப் போகிற நாள்தான்.

தாத்தா காலத்து மேஜை ஒட்டு விட்டுப்போய் மூலையில் கிடந்தால், விறகுக்குப் போட வேண்டாம். அது வஜ்ஜிரம் போட்டு ஒட்டியதாக இருந்தால், வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டின்மேல் போட்டு வைத்தால் பசை இளகிவிடும். பலகைகளைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஓரத்தைப் புதிதாக இழைத்து மறுபடியும் ஒட்டலாம். மேஜையின் அகலம் ஒரு நூல் குறையும்.